லைட் எரியுது, சத்தம் வரல: கிளாஸ் டி கார் ஆம்ப்ளிஃபையரில் பழுது தேடும் வழி

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் தைப்பூசம் நெருங்கினால் ஆடியோ கடை மேசையில் மோனோ பிளாக் (பேஸுக்கான ஒற்றைச் சேனல்) ஆம்ப்ளிஃபையர்கள் அடுக்கடுக்காகச் சேரும். தோட்டத்துப் பையன்களின் கஞ்சில், சாகா, மைவி கார்கள், உருமி மேளக் குழுவின் வேன், போதாக்குறைக்குச் செம்பனை லோரி. அதில் பல பெட்டிகள் ஏற்கெனவே ஒருமுறை பிரிக்கப்பட்டவை. வெடித்த மாஸ்ஃபெட்டை (கரண்டைத் திறந்து மூடும் டிரான்சிஸ்டரை) மட்டும் மாற்றி ஓட்டிவிட்டு, இரண்டு நாளில் அதே இடத்தில் மறுபடி வெடித்தவை. மாஸ்ஃபெட் தானாகச் சாவது அபூர்வம். அதைச் சாகடித்தது எது என்று கண்டுபிடிக்காமல் புதியதைப் பற்றவைத்தால் பாகத்துக்குக் கொடுத்த காசு புகையாகத்தான் போகும்.

பெட்டிக்குள் இரண்டு தனி வேலைகள் நடக்கின்றன. முன் பாதி பவர் சப்ளை. டிஎல்494 போன்ற ஒரு ஐசி, நான்கு முதல் எட்டு மாஸ்ஃபெட், ஒரு வளைய டிரான்ஸ்ஃபார்மர் சேர்ந்து பேட்டரியின் 12 வோல்ட்டை ஏற்றி, ரெக்டிஃபையர் வழியாகப் பிளஸ் ரெயில், மைனஸ் ரெயில் என்று இரண்டு உயர் வோல்ட் தடங்களாகப் பிரித்துக் கொடுக்கும். சின்ன பெட்டியில் ±35 வோல்ட் இருக்கும், பெரியதில் ±100ஐயும் தாண்டும். பின் பாதி அவுட்புட். ஐஆர்எஸ்2092 போன்ற டிரைவர் ஐசி அவுட்புட் மாஸ்ஃபெட்களை நொடிக்கு லட்சக்கணக்கான தடவை திறந்து மூடும், இதுதான் கிளாஸ் டி. காயிலும் ஃபிலிம் கெப்பாசிட்டரும் அந்த வெட்டுகளை வழித்துப் பாட்டை மட்டும் ஸ்பீக்கருக்கு விடும். எந்தப் பெட்டி வந்தாலும் முதலில் தெரியவேண்டியது, பழுது முன் பாதியிலா பின் பாதியிலா என்பதுதான்.

மேசைக்குத் தேவை: மல்டிமீட்டர், 13.8 வோல்ட் சப்ளை அல்லது நல்ல பேட்டரி, 100 ஓம் 5 வாட் ரெசிஸ்டர் ஒன்று, பழைய எச்4 ஹெட்லைட் பல்பு ஒன்று. ஆசிலோஸ்கோப் இருந்தால் நல்லது. இல்லாவிட்டாலும் முக்கால்வாசி வேலை முடிந்துவிடும்.

பல்பைப் பிளஸ் வயரில் தொடராகப் போடுங்கள். 55 வாட் இழை எவ்வளவு ஷார்ட் ஆனாலும் ஏறத்தாழ ஐந்து ஆம்பியருக்கு மேல் விடாது. ஆன் செய்ததும் பல்பு ஒருமுறை பளிச்சிட்டு மங்கினால் கெப்பாசிட்டர்கள் ஏறிவிட்டன, கவலை இல்லை. மங்காமல் முழு வெளிச்சத்தில் நின்றால் உள்ளே ஷார்ட். புது மாஸ்ஃபெட் போட்ட பிறகு முதல் ஆன் எப்போதும் இந்தப் பல்பு வழியாகத்தான்.

இன்னொன்று. வயரைக் கழற்றிய பிறகும் ரெயில் கெப்பாசிட்டர்கள் மின்சாரத்தைப் பிடித்து வைத்திருக்கும். பெரிய பெட்டியில் இரண்டு ரெயிலுக்கும் நடுவே 150 வோல்ட்டுக்கு மேலும் நிற்கலாம். ஸ்க்ரூ டிரைவரால் ஷார்ட் செய்து பொறி பறக்கவிடுவது வேண்டாம். 100 ஓம் ரெசிஸ்டரை ரெயில்களுக்குக் குறுக்கே சில நொடி வைத்து இறக்கி, மீட்டர் 5 வோல்ட்டுக்குக் கீழே காட்டிய பிறகு கையை வையுங்கள்.

“பாஸ், செத்துப்போச்சு. லைட்டே வரமாட்டுது.”

பெட்டியை வண்டியிலிருந்து கழற்றுவதற்கு முன் மூன்று அளவு. கறுப்பு முனையை ஆம்ப்ளிஃபையரின் கிரவுண்ட் டெர்மினலில் வையுங்கள். பிளஸ் டெர்மினலில் 12 வோல்ட்டுக்கு மேல் இருக்கவேண்டும். ரேடியோ ஆன் ஆனதும் ஆம்ப்ளிஃபையரை எழுப்பும் ரிமோட் டெர்மினலில், ரேடியோ ஆன் நிலையில், ஏறக்குறைய அதே அளவு வேண்டும். மூன்றாவதாகக் கறுப்பு முனையைப் பேட்டரி மைனஸுக்கு மாற்றி, அங்கிருந்து ஆம்ப்ளிஃபையர் கிரவுண்டுக்கு எவ்வளவு வோல்ட் என்று பாருங்கள்.

மூன்றாவதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். சத்தம் இல்லாதபோது பூஜ்யம் காட்டும் கிரவுண்ட், பேஸ் அடிக்கும்போது 1 வோல்ட் காட்டும். கணக்கு எளிது: பெயின்ட் சுரண்டாமல் முடுக்கிய போல்ட்டில் 0.02 ஓம் தடை இருந்தால் போதும், 50 ஆம்பியர் ஓடும்போது 1 வோல்ட் அங்கேயே தொலைந்துவிடும். பேஸ் அடிக்கும்போதும் 0.2 வோல்ட்டைத் தாண்டக்கூடாது. பின் போனட்டில் செம்மண் ஈரம் ஏறித் துரு பிடித்த போல்ட் என்றால் தேய்த்து வெள்ளை இரும்பு தெரிந்த பிறகு முடுக்குங்கள். சீட் பெல்ட் போல்ட்டைக் கிரவுண்டாகப் பிடிப்பது வேண்டாம்.

வயரையும் ஒரு கண் பாருங்கள். மலிவு விலை ‘4 கேஜ்’ வயரின் முனையைக் கத்தியால் சுரண்டினால் செம்புக்குக் கீழே வெள்ளையாக அலுமினியம் தெரியும். செம்பு பூசிய அலுமினிய வயர், அதே தடிமனில் செம்பில் மூன்றில் இரண்டு பங்கு வேலைதான் செய்யும். பிளாஸ்டிக் தடிமனைக் காட்டி விற்பதும் உண்டு. உண்மையான 4 கேஜ் என்றால் உலோகம் மட்டுமே 21 சதுர மில்லிமீட்டர் இருக்கவேண்டும்.

மூன்று அளவும் சரியாக இருந்து லைட் இல்லை என்றால் பெட்டியைத் திறங்கள். டிஎல்494இன் 12ஆம் காலில் பேட்டரி வோல்ட் வருகிறதா? வரவில்லை என்றால் ரிமோட் வயரிலிருந்து அந்தக் கால்வரை உள்ள சின்ன டிரான்சிஸ்டரையும் ரெசிஸ்டரையும் தேடுங்கள். 12ஆம் காலில் வந்து 14ஆம் காலில் 5 வோல்ட் இல்லை என்றால் ஐசி போய்விட்டது, அல்லது அந்த 5 வோல்ட்டை யாரோ இழுக்கிறார்கள். 4ஆம் கால் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இருந்தால் ஐசி ஓடும். 3 வோல்ட்டுக்கு மேல் ஏறி நின்றால் புரொடெக்ட் (பாதுகாப்பு) சுற்று அதைப் பிடித்து நிறுத்தியிருக்கிறது, ஐசியைக் குறை சொல்ல முடியாது.

“ஃபியூஸ் போட்ட உடனே வெடிக்குது, அண்ணே.”

ரிமோட் வயரைக் கழற்றிவிட்டு ஃபியூஸ் போடுங்கள், பல்பு வழியாக. அப்போதே பல்பு முழுசாக எரிந்தால் முன் பாதி. பிளஸ், மைனஸ் வயரை மாற்றிக் கொடுத்துவிட்டால் காக்கும் டயோடு ஷார்ட் ஆகியிருக்கலாம். அது இல்லையென்றால் பவர் சப்ளை மாஸ்ஃபெட். ரிமோட் கொடுத்த பிறகுதான் எரிகிறது என்றால் சப்ளை ஓட முயல்கிறது, பின்னால் ரெக்டிஃபையரோ அவுட்புட்டோ ஷார்ட். இந்த ஒரு சோதனை அரை மணி நேர வேலையை மிச்சப்படுத்தும்.

மாஸ்ஃபெட் எழுத்து உங்களைப் பார்க்கும்படி இருந்தால் இடது கால் கேட், நடு கால் டிரெயின், வலது கால் சோர்ஸ். மீட்டரை டயோடு நிலையில் வைத்து நடுவையும் வலதையும் தொடுங்கள். ஒரு திசையில் 0.4 முதல் 0.6 வரை, மறு திசையில் ஒன்றும் காட்டக்கூடாது. இரண்டு திசையிலும் பீப் அடித்தால் ஷார்ட். ஆனால் ஒரு வரிசையில் இருக்கும் மூன்று நான்கும் இணையாக இருப்பதால், ஒன்று செத்தாலும் அத்தனையும் செத்ததுபோலவே காட்டும். நடுக் காலைத் தூக்கித் தனித்தனியாக அளக்கவேண்டும்.

இனி, மறுபடி வெடிக்காமல் இருக்க:

1. அந்த வரிசை முழுவதையும் கழற்றுங்கள். ஒன்று மட்டும் செத்திருந்தாலும் மற்றவை அடி வாங்கியவை. இரண்டு வரிசையையும் ஒரே பேட்ச் மாஸ்ஃபெட்டால் மாற்றுவது நல்லது.
2. ஒவ்வொரு கேட் ரெசிஸ்டரையும் அளங்கள். 47 ஓம் அல்லது 100 ஓம் என்று எழுதியிருக்கும். மாஸ்ஃபெட் வெடிக்கும்போது டிரெயின் வோல்ட் கேட் வழியே பாய்ந்து இதைத்தான் முதலில் தின்னும். வெளியே கருகாமல் உள்ளே 2 கிலோ ஓம் ஆகிக் கிடக்கும்.
3. கேட்டைக் காலி செய்யும் சின்ன பிஎன்பி டிரான்சிஸ்டர்கள் இரண்டையும் அளங்கள். இதில் ஒன்று திறந்துபோனால் அந்தப் பக்க மாஸ்ஃபெட் மெதுவாக மூடும், சூடேறும், சாகும்.
4. மாஸ்ஃபெட் இல்லாமலேயே ரிமோட் கொடுத்து ஆன் செய்யுங்கள். இரண்டு கேட் தடத்திலும் ஆசிலோஸ்கோப்பில் சதுர அலை ஒரே உயரத்தில், கூர்மையான ஓரத்தோடு வரவேண்டும். மீட்டர் மட்டும் என்றால் டிசி நிலையில் இரண்டு பக்கமும் 4 முதல் 5 வோல்ட், கிட்டத்தட்ட சமமாக. ஒரு பக்கம் 4.6, மறு பக்கம் 0.3 என்றால் இன்னும் மாஸ்ஃபெட் பற்றவைக்கும் நேரம் வரவில்லை.
5. பற்றவைத்த பிறகு மாஸ்ஃபெட்டின் முதுகுத் தகட்டுக்கும் ஹீட் சிங்க்குக்கும் நடுவே ஓம் அளங்கள். தொடர்பே இருக்கக்கூடாது. பழைய சிலிக்கான் பேட்டில் ஊசி முனை அளவு துளை இருந்தாலும் கதை முதலிலிருந்து தொடங்கும்.

பாகம் வாங்கும்போது: ஐஆர்எஃப்3205க்கு டேட்டா ஷீட்டில் 55 வோல்ட், 8 மில்லி ஓம், உள்ளீட்டுக் கெப்பாசிட்டன்ஸ் 3247 பிக்கோஃபாரட். ஐஆர்எஃப்இசட்44என் என்றால் 17.5 மில்லி ஓம், 1470 பிக்கோஃபாரட். இரண்டின் உடலும் ஒன்றுபோல இருக்கும், எழுத்தைச் சுரண்டி மாற்றி விற்பதற்கு வசதி. ஷாப்பியில் பத்து பத்தாகப் பொட்டலம் வந்தாலும் சரி, கோலாலம்பூர் ஜாலான் பாசாரில் எண்ணி வாங்கினாலும் சரி, மலிவான பாகச் சோதனைக் கருவியில் கேட் கெப்பாசிட்டன்ஸைப் பாருங்கள். அந்தக் கருவி டேட்டா ஷீட்டைவிட அதிகமாகவே காட்டும், ஏனென்றால் டிரெயினில் வோல்ட் இல்லாமல் அளக்கிறது. 3205 என்று எழுதிய ஒன்று 3000க்குக் கீழே காட்டினால் அது 3205 இல்லை. திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

“சிவப்பு லைட் வந்து நின்னுருது.”

சிவப்பு என்பது புரொடெக்ட் லைட். ரேடியோவிலிருந்து சிக்னல் வரும் ஆர்சிஏ வயர் இரண்டையும் ஸ்பீக்கர் வயரையும் கழற்றுங்கள். பிளஸ், கிரவுண்ட், ரிமோட் மட்டும். சிவப்பு போய்விட்டால் பெட்டிக்கு ஒன்றுமில்லை. ஸ்பீக்கர் வயர் எங்கோ பாடியைத் தொடுகிறது, அல்லது ஊஃபர் (பேஸ் ஸ்பீக்கர்) காயில் போயிருக்கிறது. 4 ஓம் காயில் மீட்டரில் 3.2 முதல் 3.6 வரை காட்டும். அளந்துகொண்டே கூம்பை இரண்டு கையாலும் சமமாக மெதுவாக அமுக்குங்கள். எண் குதித்தால், அல்லது சரசரவென்று உரசினால், காயில் வளைந்துவிட்டது. அது ஓயாமல் ஷார்ட் ஆகி ஷார்ட் ஆகித்தான் ஆம்ப்ளிஃபையரைக் கொல்லும். இதைச் சொல்லாமல் பெட்டியை மட்டும் பழுது பார்த்துக் கொடுத்தால் அது திரும்பி வருவது உறுதி.

எல்லாம் கழற்றியும் சிவப்பு நிற்கிறதா? ரெயிலை இறக்கிவிட்டு, ஸ்பீக்கர் பிளஸ் டெர்மினலிலிருந்து பிளஸ் ரெயிலுக்கும் பிறகு மைனஸ் ரெயிலுக்கும் ஓம் அளங்கள். மேலே ஒன்று, கீழே ஒன்று என்று மாஸ்ஃபெட் இருக்கும் அரைப் பாலப் பெட்டிகளில் பூஜ்யத்துக்குப் பக்கம் காட்டும் ரெயில் எதுவோ, அந்தப் பக்க அவுட்புட் மாஸ்ஃபெட் ஷார்ட். பிளஸ் என்றால் மேலே உள்ளது, மைனஸ் என்றால் கீழே உள்ளது. போர்டைக் கழற்றாமலேயே ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

அவுட்புட் மாஸ்ஃபெட்களை முழுவதும் எடுத்துவிட்டுப் பல்பு வழியே ஆன் செய்தால் சப்ளை நின்று ஓடவேண்டும். ஓடவில்லை என்றால் ரெக்டிஃபையரைப் பாருங்கள். ஓடினால் இப்போது டிரைவர் ஐசி. ஐஆர்எஸ்2092 என்றால் இப்படி:

கறுப்பு முனையை எங்கே வைக்கிறோம் என்பதில்தான் பலர் வழுக்குகிறார்கள். 12ஆம் காலின் வோல்ட்டைக் கிரவுண்டிலிருந்து அளந்து “மைனஸ் 50 காட்டுது, ஐசி போச்சு” என்று தூக்கிப் போடுவார்கள். இந்தக் காலுக்குக் கிரவுண்ட் என்பது 10ஆம் கால், அது மைனஸ் ரெயிலில் உட்கார்ந்திருக்கிறது. கறுப்பை 10இல் வைத்து 12ஐத் தொட்டால் 10 முதல் 15 வோல்ட் வரவேண்டும். கறுப்பை 2ஆம் காலுக்கு மாற்றினால் 1ஆம் காலில் ஏறத்தாழ +5, 6ஆம் காலில் ஏறத்தாழ −5. இவை பெரும்பாலும் 5.6 வோல்ட் ஜீனரிலிருந்து (வோல்ட்டை நிலையாகப் பிடிக்கும் டயோடு) வருகின்றன. பெரிய ரெயிலிலிருந்து அந்த ஜீனருக்கு வரும் ரெசிஸ்டர் எப்போதும் சூடாக இருப்பதால் அதன் காலடி ஈயம் வளையமாக வெடித்திருக்கும். லூப் கண்ணாடியில் மெல்லிய கறுப்பு வட்டமாகத் தெரியும். தோட்டச் சாலைக் குலுக்கலில் அது விட்டுவிட்டுத் தொடும், வாடிக்கையாளர் “குழியில விழுந்தா பாடுது” என்பார்.

5ஆம் கால் 1ஆம் காலின் அளவுக்கு ஏறியிருந்தால் ஐசிக்கு ஓட அனுமதி உண்டு. 6ஆம் காலின் பக்கம் இறங்கிக் கிடந்தால் வெளியே உள்ள டிசி புரொடெக்ட் அல்லது வெப்பச் சுற்று பூட்டியிருக்கிறது. ஏறி இறங்கி ஏறி இறங்கி, ரிலே போல டிக் டிக் என்று அடித்தால் ஐசியே அதிக கரண்டைப் பார்த்துத் தன்னை நிறுத்தி மறுபடி முயல்கிறது.

கடைசியாக 11ஆம் காலிலிருந்து 10க்கும், 14ஆம் காலிலிருந்து 13க்கும் ஓம். ஷார்ட் அல்லது சில பத்து ஓம் என்றால் மாஸ்ஃபெட் சாகும்போது ஐசியையும் கூட்டிக்கொண்டு போயிருக்கிறது. அவுட்புட் மாஸ்ஃபெட் வெடித்த பெட்டியில் ஐசி, கேட் ரெசிஸ்டர், மேல் மாஸ்ஃபெட்டைத் திறக்க வோல்ட் கொடுக்கும், 15க்கும் 13க்கும் நடுவே உள்ள பூட்ஸ்ட்ராப் கெப்பாசிட்டர், அதன் டயோடு, நான்கையும் சேர்த்தே மாற்றிவிடுவது எங்கள் பழக்கம். வேகமான டயோடுக்குப் பதில் 1என்4007 போட்ட பெட்டிகள் வருகின்றன. அது ஒரு நாள்கூடத் தாங்காது.

புது மாஸ்ஃபெட் போட்டு ஆன் செய்ததும், ஸ்பீக்கர் இல்லாமல், டெர்மினலில் டிசி அளங்கள். ±50 மில்லி வோல்ட்டுக்குள் நல்லது.

“பத்து நிமிஷம் பாடும், அப்புறம் நின்னுரும்.”

ஆறிய பிறகு மறுபடி பாடினால் வெப்பம். ஆனால் வெப்பத்துக்கு யார் காரணம்? இரட்டை 4 ஓம் காயில் கொண்ட ஊஃபர் இரண்டை எல்லாம் இணையாகப் போட்டால் 1 ஓம். பெட்டியில் ‘2 ஓம்’ என்று அச்சடித்திருந்தால் அது முனகித்தான் ஓடும். ஒவ்வொரு ஊஃபரிலும் இரண்டு காயிலைத் தொடராக்கி 8 ஓம், பிறகு இரண்டு ஊஃபரையும் இணையாக்கினால் 4 ஓம். சத்தம் கொஞ்சம் குறையும், பெட்டி பிழைக்கும்.

ஆறாமல் உடனே திரும்பி வந்தால் வோல்ட் சரிவு. பேஸ் அடிக்கும் நேரத்தில் ஆம்ப்ளிஃபையர் டெர்மினலிலேயே மீட்டரை வைத்துப் பாருங்கள். இன்ஜின் ஓடும்போது 13.8 முதல் 14.4 வரை இருந்தது 11க்குக் கீழே விழுந்தால் வயர், கிரவுண்ட், பேட்டரி, இந்த வரிசையில் தேடுங்கள்.

பெட்டியின் மேல் 3000 வாட் என்று எழுதியிருக்கிறது என்பார்கள். ஃபியூஸைப் பாருங்கள். 30 ஆம்பியர் இரண்டு என்றால் 60 பெருக்கல் 14.4, உள்ளே போவதே 864 வாட். அதில் எண்பது சதவீதம் வெளியே வந்தால் 690. மிச்சம் 2310 வாட் அட்டைப் பெட்டியில் அச்சடித்த மையில் இருக்கிறது.

சும்மா இருக்கும்போதே சூடானால் அது வேறு. பாட்டு இல்லாமல் ஆம்பியர் அளங்கள். நடுத்தர மோனோ பிளாக் ஒன்றரை ஆம்பியருக்கு மேல் இழுக்கத் தேவையில்லை. 3, 4 என்று ஏறிக்கொண்டே போனால் கேட் டிரைவ், போலி மாஸ்ஃபெட், அல்லது அவுட்புட் காயிலுக்குப் பக்கத்தில் வோல்ட் கூர்முனைகளை அடக்கும் ஸ்னப்பர் ரெசிஸ்டர் கருகியிருக்கும்.

“லைட் எரியுது, சத்தம் வரல.”

முதலில் வேறு ஆர்சிஏ வயரில் போன் பாட்டைக் கொடுங்கள். அதிலும் இல்லை என்றால் சிக்னலைப் பெருக்கும் ஆப்-ஆம்ப் ஐசிகளின் 8ஆம் காலில் +15, 4ஆம் காலில் −15 அளவில் இருக்கிறதா பாருங்கள். ஒரு பக்கம் இல்லையென்றால் அந்த ரெகுலேட்டர் டிரான்சிஸ்டரும் ஜீனரும். இரண்டும் இருந்தால் 1, 7ஆம் கால்களில் பூஜ்யத்துக்குப் பக்கம் இருக்கவேண்டும். 13 வோல்ட் ஒட்டிக்கொண்டு நிற்கும் ஆப்-ஆம்ப் செத்தது. ஆர்சிஏ சாக்கெட்டின் காலடி ஈயமும் அடிக்கடி விடும், சாக்கெட்டை ஆட்டிப் பார்த்தால் தெரியும்.

இங்கே ஒரு குற்றவாளி கண்ணுக்குத் தெரிந்தும் தப்பித்துக்கொள்ளும். பெரிய கெப்பாசிட்டர்களை ஆடாமல் பிடிக்க ஊற்றிய மஞ்சள் பசை, வருடக்கணக்கில் சூட்டில் கிடந்து காப்பித்தூள் நிறமாகும். அந்த நிறம் வந்த பசை மின்சாரத்தைக் கசியவிடும், பக்கத்துக் காலை அரிக்கும். காரணமே இல்லாமல் வரும் புரொடெக்ட், விட்டுவிட்டு வரும் இரைச்சல் எல்லாவற்றுக்கும் இதைச் சந்தேகப்படலாம். சூடு காட்டி முழுதும் சுரண்டி, ஐசோபுரோபைல் ஆல்கஹாலும் பழைய பல்துலக்கியும் கொண்டு தேய்த்து எடுங்கள். எறும்புக் கூடும் பல்லியும் இருந்தால் அதே குளியல், பிறகு நன்றாக உலர்த்தவேண்டும்.

“ஆக்சிலேட்டர் அமுக்கினா கீன்னு கத்துது.” “ஆம்ப் போட்டா மின்னல் எஃப்எம் இழுக்குது.”

இரண்டும் வேறு வேறு. இன்ஜின் வேகத்தோடு ஏறும் கீச்சல் ஆல்டர்னேட்டருடையது. ஆர்சிஏவின் வெளி வளையத்திலிருந்து ரேடியோவின் உடலுக்கு ஒரு வயரைத் தொடுங்கள். கீச்சல் நின்றால் ரேடியோவுக்குள் ஆர்சிஏ கிரவுண்ட் தடம் எரிந்திருக்கிறது. கரண்ட் ஓடும்போதே ஆர்சிஏ செருகினால் இது நடக்கும். நிற்கவில்லை என்றால் கிரவுண்ட் போல்ட்டுக்குத் திரும்புங்கள்.

மின்னல் எஃப்எம் வானொலி இரைச்சலோடு இழுப்பது கிளாஸ் டியின் வெட்டுச் சத்தம் ஆன்டெனாவுக்குள் போவதால். பழுது பார்த்தவர் அடி மூடியைப் போடாமல் விட்டது, மூடியின் ஸ்க்ரூ குறைந்தது, அவுட்புட் ஃபிலிம் கெப்பாசிட்டர் திறந்துபோனது, ஆன்டெனா வயரும் பவர் வயரும் ஒரே பக்கமாக ஓடுவது: இந்த நான்கில் ஒன்று. பவர் வயர் ஒரு பக்கம், சிக்னல் மறு பக்கம்.

லோரிக்காரர்களுக்கு

செம்பனை லோரியில் 24 வோல்ட். அதில் 12 வோல்ட் ஆம்ப்ளிஃபையரை நேராகக் கொடுத்தால் 16 வோல்ட் உள்ளீட்டுக் கெப்பாசிட்டர்கள் உப்பும். இரண்டு வரிசை மாறி மாறித் திறக்கும் புஷ்-புல் சப்ளையில் மாஸ்ஃபெட் பார்ப்பது பேட்டரியின் இரண்டு மடங்கு. சார்ஜ் ஆகும்போது 28 என்றால் 56 வோல்ட், 55 வோல்ட் மாஸ்ஃபெட்டுக்கு அது எல்லைக்கு மேல், அதற்கும் மேலே பாயும் வோல்ட் கூர்முனைகள் தனி. இரண்டு பேட்டரியில் ஒன்றிலிருந்து மட்டும் 12 எடுப்பதும் வேண்டாம். ஒன்று எப்போதும் குறையும், மற்றது எப்போதும் அதிகமாக ஏறும், ஆறு மாதத்தில் இரண்டையும் மாற்றவேண்டியிருக்கும். ஆம்ப்ளிஃபையரின் ஃபியூஸுக்குத் தாங்கும் 24-12 கன்வர்ட்டர் ஒன்றே வழி.

பெட்டியைத் திருப்பிக் கொடுக்கும் முன்

மேசையில் 4 ஓம் லோடில் அரை மணி நேரம் மிதமான சத்தம், பிறகு மாஸ்ஃபெட்களின் மேல் விரல் வைத்து எல்லாம் ஒரே சூடா என்று பாருங்கள், கரண்டை அணைத்து ரெயிலை இறக்கிவிட்டு. ஒன்று மட்டும் ஆறியிருந்தால் அதன் கேட் ரெசிஸ்டர் திறந்திருக்கிறது, மற்றவை அதன் வேலையையும் சேர்த்துச் செய்கின்றன. ஒன்று மட்டும் கொதித்தால் கிளாம்ப் ஸ்க்ரூ முடுக்கவில்லை. வண்டியில் ஏற்றிய பிறகு கிரவுண்ட் வோல்ட்டைப் பேஸோடு ஒருமுறை அளந்து, சரியான ஃபியூஸ் அளவையும் ஊஃபர் ஓமையும் ஒரு துண்டு மாஸ்கிங் டேப்பில் எழுதிப் பெட்டியின் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள். அடுத்து திறப்பவர் நீங்களாக இல்லாமலும் இருக்கலாம்.